கணினியிடம் கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டுகள்: எல்லையோரப் பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாறு

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூரும் திருவிதாங்கூரின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் கேரளத்தோடு நின்றுவிட்டன என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. பாலக்காட்டு எல்லைக் கிராமங்களிலும் இடுக்கியின் தேயிலை எஸ்டேட்டுகளிலும் இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் நடக்கின்றன. அந்தப் பள்ளிகளுக்குக் கணினி வந்த கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு.

கேரள அரசு 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகள் குனு லினக்ஸுக்கு மாறின. 2015-இல் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியும் கிடைத்தது. 2017-இல் திட்டமே ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. ஆக, கல்வித் துறைக்குள் இரண்டு சாதிச் சில்லுகள் புழங்கின. ஆய்வகத்தில் இன்டெல் வகை, பிள்ளைகள் கையில் ஆர்ம் வகை.

ஒரு மென்பொருள் ஏறலைன்னா ஆசிரியர் முதல்ல கேட்பது, “இது 32 பிட்டா, 64 பிட்டா?” என்பதைத்தான். இருபது மெஷினை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது ஆகிற காரியமா? அதனால்தான் கணினியின் அமைப்புகளைத் தானே படித்துச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்டுகள் பிறந்தன. இந்த வழக்கம் பழையது. இன்டெல் 386 சில்லுக்காக 1991-இல் எழுதப்பட்ட லினக்ஸ், 1995 வாக்கில் ஆல்ஃபா, ஸ்பார்க் முதலிய சில்லுகளுக்கும் பரவியது. குனு திட்டத்தில் 1990-களிலேயே ‘கான்ஃபிக் கெஸ்’ என்ற ஸ்கிரிப்ட் இருந்தது. ‘யூநேம்’ கட்டளை தரும் பதிலைக் கொண்டு இது எந்த இனத்து மெஷின் என்று ஊகிப்பதே அதன் வேலை. தனக்குப் பிறகு வந்த சில்லைக் கண்டால், “தெரியவில்லை” என்று நின்றுவிடும்.

நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. தப்பாகச் சொன்னால்தான் வம்பு. இன்டெல் வகை மெஷினில் ‘சிபியு இன்ஃபோ’ கோப்பைத் திறந்தால் ‘ஃபிளாக்ஸ்’ என்றொரு வரி இருக்கும். அதில் ‘எல்எம்’ என்ற இரண்டெழுத்து இருந்தால் 64 பிட். ஆர்ம் மெஷினிலோ அந்த வரிக்குப் பெயரே ‘ஃபீச்சர்ஸ்’. இன்டெல்லுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே போய் ‘ஃபிளாக்ஸ்’ எங்கே என்று தேடி, ஒன்றும் காணாமல், “இது 32 பிட்” என்று தீர்ப்புச் சொல்லிவிடும்.

இன்னொரு சிக்கல். 2016-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3-இன் சில்லு 64 பிட். ஆனால் அதற்கான அதிகாரபூர்வ 64 பிட் இயங்குதளம் 2022-இல்தான் முறையாக வெளியானது. இடைப்பட்ட காலத்தில் ‘யூநேம்’ சொன்னது 32 பிட் பதிலையே. பதில் பொய்யல்ல, அது கெர்னலைப் பற்றிச் சொன்னது, சில்லைப் பற்றியல்ல.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வருவோம். மொழியைத் தமிழாக வைத்தால், தேதி கேட்கும் கட்டளை மாதத்தையும் கிழமையையும் தமிழிலேயே சொல்லும். ஆங்கில மாதப் பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட் அங்கே திணறும். உடனே, “தமிழை எடுத்துட்டு இங்கிலீஷ் வைப்பா, சரியாயிடும்” என்பார்கள். அது தேவையே இல்லை. ஸ்கிரிப்டின் தலைப்பில் ‘எல்சி ஆல்’ என்பதற்கு ‘சி’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கட்டளைகள் அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் பொது நடையில் பதில் தரும். மாணவரின் திரை தமிழிலேயே இருக்கும்.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தந்தது. மனு தமிழில் இருப்பது மனுவின் குற்றமாகாது. படிக்கத் தெரிந்தவரை அமர்த்துவது அலுவலகத்தின் பொறுப்பு. ஸ்கிரிப்டுக்கும் அதே நியாயம்தான். வெளிமாநிலங்களில் கணினித் துறையில் இருக்கும் நம்மவர்கள், நிரல் எழுதும்போது ஒரு தடவை ஆர்ம் சில்லிலும், ஒரு தடவை தமிழ் அமைப்பிலும் ஓட்டிப் பார்த்தால், மூணாறிலோ சித்தூரிலோ ஒரு பிள்ளை தன் மொழியை மாற்ற வேண்டி வராது.