பழைய துரப்பணம் சொல்லும் வரலாறு

பழனியை அடுத்த ஆயக்குடியில் என் வீட்டுக் கொட்டகையில் ஆளுயர இரும்பு இயந்திரம் ஒன்று நிற்கிறது. கோயமுத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைத்து உருக்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்தபோது, எடைக்கு விலை கொடுத்து வாங்கினேன். இது தூணில் பொருத்திய துரப்பணம். பட்டறைக்காரர்கள் ‘பில்லர் டிரில்’ என்பார்கள். செய்தவர் பெயரோ ஆண்டோ இதில் இல்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகள் மட்டுமே உள்ளன.

கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தை அதன் கட்டட அமைப்பைக் கொண்டு கணிக்கிறார்கள் அல்லவா? அதுபோல இந்த இயந்திரத்தின் வரலாற்றையும் அதன் உறுப்புகளைக் கொண்டே அறிய முயன்றேன். வாருங்கள், நீங்களும் உடன் பாருங்கள்.

வில்லிலிருந்து தூணுக்கு

துளையிடும் கலை நமக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் சூதுபவள மணிகள் பல கிடைத்தன. வேலை முடியாத மணிகளும் அவற்றுள் உண்டு. ஆகவே மணிகளை அங்கேயே செய்தார்கள் என்பது தெளிவு. சூதுபவளத்தின் கடினத்தன்மை மோ அளவில் ஏறத்தாழ 7. அதில் நூல் நுழையத் துளையிடுவது எளிய வேலையா? குஜராத்தின் கம்பத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் வைரத் துணுக்குப் பதித்த முனையை வில் துரப்பணத்தில் பொருத்தி இவ்வேலையைச் செய்து வந்தனர்.

வில் துரப்பணத்தைச் சில தச்சர்களிடம் நீங்கள் பார்த்திருக்கலாம். வில்லின் நாணைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னும் பின்னும் இழுப்பார்கள். இதில் இரண்டு குறைகள் உண்டு. தண்டு ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்வதால், ஒரே திசையில் வெட்டும் முனை பாதி நேரம் வீணாகிறது. அடுத்து, தண்டின் அச்சைக் கைதான் நேராகப் பிடிக்க வேண்டும். தூண் துரப்பணம் இவ்விரண்டையும் நீக்கியது. சுழற்சி ஒரே திசையில் நடக்கிறது. அச்சைத் தூண் நேராக வைத்திருக்கிறது. கைப்பிடியை இறக்கினால், பற்சக்கரமும் பற்சட்டமும் கையின் விசையைப் பெருக்கி முனையை அழுத்துகின்றன.

துருவுக்கு அடியில்

மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்தபோது முதல் சாட்சி வெளிப்பட்டது. சுழல்தண்டின் அடியில் கூம்பு வடிவத் துளை ஒன்று இருந்தது. அளந்தேன்: 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. குறைகிறது. இது ‘மோர்ஸ் சரிவு’. 1863-இல் முறுக்குத் துளைமுனைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஸ்டீபன் மோர்ஸின் பெயரால் வழங்குவது. சரிவு மிகச் சிறியதாகையால், உராய்வே கூம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் ஆப்பு அடிக்க வேண்டும். ஆக, இந்த இயந்திரம் மோர்ஸுக்குப் பிற்பட்டது.

கூம்பில் செருகியிருந்தது சாவியால் முறுக்கும் மூன்று தாடைப் பிடிப்பான். இவ்வகைக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்றார். அப்படியானால் இயந்திரமும் 1902-க்குப் பிற்பட்டதா? அவசரப்படாதீர்கள்! பிடிப்பானை எவரும் எப்போதும் மாற்றலாம். மாற்றக்கூடிய உறுப்பு இயந்திரத்தின் வயதைச் சொல்லாது.

மூன்றாவது சாட்சி, படிப்படியாக அமைந்த கப்பி. ஒவ்வொரு படியும் அகலமாகவும் நடுவில் சற்றே மேடாகவும் இருந்தது. தட்டையான பட்டை, சுழலும்போது விட்டம் மிகுந்த இடத்தை நோக்கி ஏறும். மேடு நடுவில் இருப்பதால் நழுவாது. கூரையடியில் ஓடும் ஒரே நீண்ட தண்டிலிருந்து பல இயந்திரங்களைத் தோல் பட்டைகளால் ஓட்டிய காலத்துக்கு உரிய அமைப்பு இது. நீராவி அல்லது எண்ணெய் எஞ்சின் அந்தத் தண்டைச் சுழற்றும்.

நான்காவது சாட்சி, தூணின் பின்புறம் கோணலாகத் துளைத்த நான்கு துளைகள். பிற்காலத்தில் யாரோ மின்மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதிப் பட்டறைகளுக்கு மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் உருவாக்கினர். கூரைத் தண்டு போய், இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற காலம் பிறந்தது. அந்த மாற்றத்தின் தழும்புகளே இந்த நான்கு துளைகள்.

படிகள் எதற்கு?

மோட்டார் வந்த பிறகும் கப்பியின் படிகள் தேவைப்பட்டன. மென் எஃகில் துளைமுனையின் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் என்று கொள்வோம். 6 மி.மீ. முனையின் சுற்றளவு 18.8 மி.மீ. எனவே 25,000 ÷ 18.8 = சுமார் 1,330 சுற்றுகள். 12 மி.மீ. முனைக்கு இதில் பாதி போதும். அதே வேகத்தில் ஓட்டினால் முனை சூடேறி மழுங்கிவிடும்.

எதை மாற்றினேன், எதை விட்டேன்

தேய்ந்திருந்த வெண்கல உருளைத் தாங்கியைத் திண்டுக்கல்லில் ஒரு கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். பிடிப்பானில் நேரான கம்பியைப் பொருத்திச் சுழற்றிப் பார்த்தால், நூறில் ஒரு மி.மீ. காட்டும் அளவியில் முன்பு 30 கோடு ஓடிய முள் இப்போது 4 கோடுதான் ஓடுகிறது. பட்டைக்கு முன்பு மூடி இல்லை; தகட்டில் மூடி செய்து போட்டேன். பழமையைக் காப்பதற்காக விரலை இழக்க வேண்டியதில்லை.

அந்தக் கோணல் துளைகளை அடைத்து, வண்ணம் பூசிப் புதிதுபோல் ஆக்கவும் எண்ணினேன். அரத்தைக் கையில் எடுத்த பிறகுதான், அழிக்கப்போவது நான்காவது சாட்சியை என்பது உறைத்தது. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். என் மாணவர்கள் முதலில் கேட்பதும் அவற்றைப் பற்றித்தான்.

உங்கள் ஊரிலும் பழைய இரும்புக் கடை இருக்கும். அங்கே இத்தகைய இயந்திரத்தைக் கண்டால், வாங்க முடியாவிட்டாலும் கப்பியையும் கூம்பையும் அளந்து, படம் எடுத்துக் குறித்து வையுங்கள். உலைக்குப் போன பிறகு அதை எடைபோட்ட சீட்டு மட்டுமே மிஞ்சும்.