பூனைக்காலியும் தாத்தாவின் மூளைப் படமும்

எங்க ஊரு கம்பம். தோட்டத்து வேலியில பூனைக்காலி காய் தொங்கும். அதோட சொணை மேல பட்டா அவ்ளோதான், நாள் பூரா சொறியணும் :-) அந்தக் காய்க்கும் மூளை ஸ்கேனுக்கும் சொந்தம் உண்டுன்னு தாத்தாவுக்கு முடியாமப் போனப்பதான் தெரிஞ்சுது.

தாத்தாவுக்கு உடம்பு இறுகிப் போச்சு, நடை தளர்ந்தது. பார்க்கின்சன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் ஆகியும் பெரிசா கேக்கல. அடிக்கடி மல்லாக்க விழுந்தார். தட்டுல இருக்குற சோத்தைக் குனிஞ்சு பார்க்க முடியல.

இனி வரலாறு. 1817-ல லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பத்தி எழுதினார். 1937-ல சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தின் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரிச்செடுத்தாங்க. அது இந்த நோய்க்கு மருந்தாகும்னு அப்போ யாருக்கும் தெரியாது. 1960-ல வியன்னாவில், இந்த நோயால் இறந்தவங்க மூளையில டோபமைன் குறைஞ்சிருப்பதை ஹார்னிகீவிச் குழு காட்டியது. டோபமைனா மாறுற பொருள்தான் எல்-டோபா. 1967-ல கோட்சியாஸ் அதை அதிக அளவில் கொடுத்துப் பலன் கண்டார்.

ஆனா சிலருக்கு அது சரியா கேக்கல. 1964-லேயே டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸ்செவ்ஸ்கி மூணு பேரும் பார்க்கின்சன் மாதிரியே தெரியுற, ஆனா கண் மேலும் கீழும் போகாத, அடிக்கடி விழுற வேறொரு நோயை விவரிச்சிருந்தாங்க. அதுதான் பிஎஸ்பி.

உயிரோட இருக்கும்போதே மூளைக்குள்ள பார்க்கணுமே? 1983-ல கனடாவில் கார்னெட் குழு, எல்-டோபாவோட கதிரியக்க ஃபுளோரினை ஒட்டி, அது மூளையில எங்கே சேருதுன்னு பெட் ஸ்கேனில் படம் பிடிச்சது. நம்ம பூனைக்காலி சரக்கேதான்! பார்க்கின்சன்ல புட்டாமென்ங்கிற பகுதிதான் அதிகம் மங்கும், பக்கத்து காடேட் ஓரளவு தப்பிக்கும். பிஎஸ்பியில் ரெண்டும் கிட்டத்தட்ட சமமா மங்கும். அந்த ஃபுளோரினோ 110 நிமிஷத்துல பாதியாயிடும். அதனால எல்லா ஊருக்கும் கொண்டு போறது லேசில்ல.

எம்ஆர்ஐ அந்தளவுக்கு அரிதில்ல. பிஎஸ்பியில் நடுமூளை சுருங்கும். பக்கவாட்டுப் படத்துல அது ரீங்காரச்சிட்டு மாதிரித் தெரியும். தாத்தாவை மதுரைக்குக் கூட்டிப் போனோம். நரம்பியல் டாக்டர் விரல் வெச்சுக் காட்டினப்போ எனக்கும் அந்தக் குருவி தெரிஞ்சுது.

பிஎஸ்பியைக் குணப்படுத்த மருந்து இல்ல. ஆனா மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறது நின்னுச்சு. பாத்ரூம்ல கைப்பிடி வெச்சோம், தட்டை உயரமா வெச்சோம். அப்புறம் தாத்தா விழுந்தது குறைஞ்சுது.

உங்க வீட்டுப் பெரியவங்க ஆரம்பத்துலேயே அடிக்கடி விழுந்தா, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க மக்கா. நரம்பியல் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க.