அறையைப் பெட்டிக்குள் அடைத்த கதை

பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து 'ஓ'வென்று கூவிப் பார்க்காத சிறுவர்கள் நம் ஊர்களில் இருக்க முடியாது. கூவிய குரல் உடனே நின்றுவிடுவதில்லை. உள்ளேயே சற்று நேரம் சுழன்று, மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகிறது. அதே குரலை வைக்கோற்போர்களுக்கு நடுவே நின்று கொடுத்துப் பாருங்கள். வாயை மூடியதும் ஒலியும் அடங்கிவிடும். குரல் ஒன்றுதான், இடந்தான் வேறு.

ஆகவே நம் காதுக்கு வரும் இசையில் ஒரு பங்கைக் கலைஞர் தருகிறார். மற்றொரு பங்கை அவர் இருக்கும் இடம் தருகிறது. அந்த இடத்தையே ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கையில் எடுத்துச் செல்ல முடியுமா? முடியும் என்று காட்டிய மனிதர்களின் கதை இது. ஸ்டீல் கித்தார் பழகும் மாணவர் ஒருவர் இன்று இசைக்கருவிக் கடைக்குச் சென்றால், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகள் வரிசை வரிசையாக இருப்பதைக் காண்பார். சிலவற்றின் மேல் 'ரிவெர்ப்' என்றும், சிலவற்றின் மேல் 'டிலே' என்றும் எழுதியிருக்கும். எதை வாங்குவது? விலைச்சீட்டு இதற்கு விடை சொல்லாது. வரலாறு சொல்லும்.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஓர் ஒலியும் அதன் எதிரொலியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமானால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ஒலி 34 மீட்டர் செல்லும். போகவும் வரவும் சேர்த்து 34 மீட்டர் என்றால், சுவர் 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். இப்படித் தனியே திரும்பி வரும் ஒலியே எதிரொலி. 'டிலே' பெட்டி தருவது இதைத்தான்.

சாதாரண அறையில் சுவர்கள் அவ்வளவு தொலைவில் இல்லை. ஒலி சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் மாறி மாறி மோதி நூற்றுக்கணக்கான சிறு எதிரொலிகளாகச் சிதறுகிறது. அவற்றைக் காது பிரித்து அறிவதில்லை. ஒரே நீண்ட வாலாகக் கேட்கிறது. இதுவே எதிர்முழக்கம். 'ரிவெர்ப்' பெட்டி தருவது இதை.

இந்த வாலின் நீளத்தை முதன்முதலில் முறையாக அளந்தவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் இருந்த புதிய சொற்பொழிவு அறையில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் தேய்ந்து மறைய சுமார் ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்துவிடும் அல்லவா? சபைன் ஊர் அடங்கிய இரவு நேரங்களில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கச் செய்து, ஒலி மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும் என்பது அவர் கண்ட உண்மை. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவர் கணக்கின்படி எழுந்தது. ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம் என்று இன்று வரையறுக்கிறோம்.

அறையை இழந்த கருவி

இனி ஸ்டீல் கித்தாருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் இது பிறந்தது. ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்பவரே இந்த வாசிப்பு முறையைப் பரப்பிய முன்னோடி. மாணவனாக இருந்தபோது ரயில் பாதையோரம் கிடந்த இரும்புத் துண்டு ஒன்றைத் தந்தியின்மேல் தேய்க்கப்போய் இதைக் கண்டுகொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கித்தாரை மடியில் படுக்க வைத்து, இடக்கையில் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்வது இம்முறை. நம் கோட்டு வாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்டுகளின் தடை இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியின்றி இழையலாம். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு இந்த இசை அமெரிக்கா முழுவதும் பரவியது.

ஆனால் ஒரு குறை. தாள வாத்தியங்களும் ஊது கருவிகளும் முழங்கும் மேடையில் கித்தாரின் மெல்லிய ஒலி எடுபடவில்லை. ஜார்ஜ் போஷாம்ப் என்ற கலைஞர் இதற்கு வழி தேடினார். 1931இல் அவர் வடிவமைத்த மின் கித்தாரை அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் வந்தது. வணிக முறையில் வெற்றி பெற்ற முதல் மின் கித்தார், மடியில் வைத்து வாசிக்கும் இந்த ஸ்டீல் கித்தார்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

அதில் தந்திகளுக்கு அருகே காந்தமும் கம்பிச்சுருளும் இருந்தன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. ஃபாரடே கண்ட விதிதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கம்பிச்சுருளுக்குத் தந்தியின் அசைவு மட்டுமே தெரியும். மரக்குடத்தின் முழக்கமோ, சுற்றியுள்ள காற்றோ, மண்டபமோ அதற்குத் தெரியாது. கருவிக்கு வலிமை கிடைத்தது. ஆனால் அது தன் அறையை இழந்தது. திரையும் கம்பளமும் நிறைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அதன் இசை வறண்டு கேட்டது.

குளியலறையும் சுருள்வில்லும்

இழந்த அறையைத் திரும்பக் கொண்டுவர முதலில் செய்தது மிக எளிய காரியம்: உண்மையான அறையையே பயன்படுத்தினார்கள். 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர், ஹார்மோனிக்கா குழு ஒன்றின் இசையைக் குளியலறைக்குள் ஒலிக்கச் செய்து, அங்கே எழுந்த எதிர்முழக்கத்தை ஒலிவாங்கியால் பிடித்துப் பதிவில் கலந்தார். இசைத்தட்டு அமோகமாக விற்றது. ஆனால் குளியலறையை ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல முடியாதே!

தூக்கிச் செல்லும் வழியைக் காட்டியது தொலைபேசித் துறை. நெடுந்தொலைவுக் கம்பிகளில் குரல் தாமதித்து வருவதைச் சோதனைக்கூடத்தில் போலி செய்து பார்க்க, பெல் ஆய்வுக்கூடத்தார் சுருள்வில்களைப் பயன்படுத்தினர். 1935இல் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்த லாரன்ஸ் ஹாமண்ட், வீட்டுக் கூடத்தில் அது தேவாலயத்தில்போல் ஒலிக்கவில்லை என்ற குறையைத் தீர்க்க அந்த உத்தியை எடுத்துக்கொண்டார். மின்னோட்டம் சுருள்வில்லின் ஒரு முனையை அதிரச் செய்கிறது. அதிர்வு கம்பி வழியே மெதுவாகச் சென்று மறுமுனையில் மீண்டும் மின்னோட்டமாகிறது. ஒரு பகுதி திரும்பி ஓடி மறுபடியும் மோதுகிறது. நீண்ட மண்டபத்தில் ஒலி செய்யும் வேலையைச் சில சுருள்வில்கள் செய்துவிடுகின்றன.

தொடக்கத்தில் ஆளுயரத்தை நெருங்கிய இந்த அமைப்பை, ஹாமண்ட் நிறுவனத்தார் 1960 வாக்கில் சுமார் 17 அங்குல நீளத் தட்டுக்குள் சுருக்கினர். லியோ ஃபெண்டர் 1961இல் தனி எதிர்முழக்கப் பெட்டியையும், 1963இல் அதைத் தன்னுள்ளேயே கொண்ட பெருக்கிகளையும் வெளியிட்டார். அவற்றுள் 'ட்வின் ரிவெர்ப்' பல ஆண்டுகள் ஸ்டீல் கித்தார் கலைஞர்களின் உற்ற துணையாக இருந்தது. ஆனால் அந்தப் பெருக்கியை உதைத்தால் உள்ளே இடி இடிக்கும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

நாடாவும் வாளிகளும்

எதிரொலியைப் பெட்டிக்குள் அடைத்தது ஒலிநாடா. பதிவு செய்யும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே 2 அங்குலம் இருப்பதாகவும், நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். பதிந்த ஒலி படிக்கும் தலையை அடைய 2ஐ 15ஆல் வகுத்தால் வரும் நேரம், அதாவது சுமார் 133 மில்லிவினாடி ஆகும். 1950களில் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் செய்த பதிவுகளில் கேட்கும் துள்ளலான எதிரொலி இவ்வகையே. ரே பட்ஸ் என்பவர் நாடா வளையத்தைப் பெருக்கிக்குள்ளேயே பொருத்தினார். பிறகு வந்த 'எக்கோபிளெக்ஸ்' பெட்டியில் தலையை நகர்த்தித் தாமதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. நாடா தேயும், அறும். இருந்தாலும் அதில் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூர்மை சற்று மழுங்குவதால், எதிரொலி மூல ஒலிக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும்.

1969இல் நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் அசையும் உறுப்பே இல்லாத வழியைக் கண்டனர். தீப்பிடித்த வீட்டை அணைக்க ஊரார் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவதை எண்ணிப் பாருங்கள். அப்படியே ஒலியின் மின்னழுத்தத்தை ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும் சில்லு அது. பெயரும் 'வாளி வரிசை' என்பதே. 4096 வாளிகள் கொண்ட சில்லை வினாடிக்கு 10,000 துடிப்பில் இயக்கினால் சுமார் 205 மில்லிவினாடி தாமதம் கிடைக்கும். தாமதத்தை நீட்டத் துடிப்பைக் குறைக்க வேண்டும்; குறைத்தால் ஒலி மங்கும். இது அதன் எல்லை.

அடுத்து வந்தவை எண்கள். பெல் ஆய்வுக்கூடத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்திலேயே, கணிப்பொறிக் கணக்கால் எதிர்முழக்கத்தை உண்டாக்கும் முறையை வகுத்தார். 1976இல் அறிமுகமான 'இ.எம்.டி. 250' அத்தகைய கணக்கை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. 1983இல் பாஸ் நிறுவனத்தின் 'டி.டி.-2' வந்தபோது எண்முறை எதிரொலி காலடிப் பெட்டிக்குள் இறங்கியது. இன்றைய பெட்டிகள் சுருள்வில், நாடா, வாளி வரிசை மூன்றையும் எண்களால் போலி செய்கின்றன.

அப்படியானால் எதை வாங்குவது?

ஸ்டீல் கித்தாரின் இயல்பை நினைத்துப் பாருங்கள். அதன் சுரம் நீண்டு ஒலிக்கும், வழுக்கிச் செல்லும். நீண்ட எதிர்முழக்கத்தில் பழைய சுரம் மறைவதற்குள் புதிய சுரம் வந்துவிடுவதால், இழைவின் கோடு கலங்கிப்போகும். ஃபாக் அறையில் சொற்களுக்கு நேர்ந்த கதியே இது. ஆகவே ரிவெர்ப் வாங்குபவர் வாலின் நீளத்தைக் குறைக்க வசதி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். மெல்ல நகரும் பாட்டுக்கு ஒலி தாழ்ந்த ஒற்றை எதிரொலி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நிமிடத்துக்கு 100 அடி செல்லும் பாட்டில் ஓர் அடிக்கு 600 மில்லிவினாடி. அதில் பாதியான 300 தாளத்தோடு ஒட்டி நிற்கும். அத்தாமதத்தைத் தர இயலாத பெட்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

இரண்டாவது, இணைக்கும் வரிசை. ஸ்டீல் கித்தார் கலைஞர் ஒலியின் அளவைக் காலடி விசையால் ஏற்றி இறக்குவார். எதிரொலிப் பெட்டியை அந்த விசைக்கு முன்னால் வைத்தால், கால் இறங்கியதும் சுரத்தோடு வாலும் துண்டிக்கப்படும். பின்னால் வைத்தால் சுரம் நின்ற பிறகும் வால் இயல்பாகத் தேய்ந்து மறையும். கோயில் மண்டபத்தில் பாடுபவர் வாயை மூடினால் மண்டபமும் உடனே வாயை மூடிக்கொள்வதில்லை அல்லவா?

மூன்றாவதே முக்கியமானது. மெட்டு இல்லாத கருவியில் சுரத்தைக் காப்பது காது ஒன்றே. எஃகுத் துண்டு ஒரு மயிரிழை தவறி நின்றாலும் சுருதி பிசகும். ஆழ்ந்த எதிர்முழக்கம் இந்தப் பிசகைப் பூசி மறைக்கும். பழகுபவர் தாம் சரியாக வாசிப்பதாகவே நம்பிவிடுவார். மேடையில் பெட்டி கெட்ட அன்று உண்மை வெளியாகும். ஆதலால் பழகும்போது பெட்டியை அணைத்து வையுங்கள். சுருதி சுத்தமான பிறகு சிறிது கலந்துகொள்ளுங்கள். அதுவும் எவ்வளவு? அணைத்தால் மட்டுமே 'ஏதோ குறைகிறது' என்று தோன்றும் அளவு போதும்.

பெட்டி இல்லாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. வெள்ளையடிப்பதற்காகப் பொருள்களை அகற்றிய அறையில் ஒருமுறை கை தட்டுங்கள். பாய், தலையணை, துணிமணிகளை மீண்டும் உள்ளே வைத்து மறுமுறை தட்டுங்கள். சபைன் இரவெல்லாம் கேட்ட வேறுபாடு உங்கள் காதுக்கும் கேட்கும். அந்தக் காதோடு கடைக்குச் செல்பவரை எந்த விலைச்சீட்டும் மயக்காது.