அம்மாயி பார்த்த மலை

என் முனைவர் பட்ட ஆய்வில் கொல்லிப்பாவைக்கு ஓர் இயல் ஒதுக்கினேன். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவியின் அழகுக்கு உவமையாக வருபவள் அவள். முதல், கரு, உரி என்று தொல்காப்பிய வழியில் பகுத்து, கொல்லிமலையைப் படித்து முடித்துவிட்டதாக நினைத்தேன்.

சேந்தமங்கலத்தில் என் அம்மாயி அதே மலையை வேறுவிதமாகப் படித்தார். உச்சியில் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்துத்தான் நிலக்கடலை விதைக்கும் நாளை முடிவு செய்வார். "மலை முக்காடு போட்டிருக்குது சாமி, ரெண்டு நாள் பொறு" என்பார்.

அந்தக் காட்டின் பட்டாவில் அவர் பெயர் இல்லை. ஏன் என்ற கேள்வி என்னை வருவாய் வரலாற்றுக்குள் இழுத்தது. 1792-இல் சேலம், பாராமகால் பகுதிகள் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடும் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. நிலம் எண்ணாயிற்று, எண்ணுக்கு எதிரே பெரும்பாலும் ஆணின் பெயர். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முன்பே மணமானவர்களை அது சேர்க்கவில்லை. என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

மலைமேலே மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சாமை, தினை விதைகளைக் காத்துவருகிறார்கள். அவர்களுடைய அறிவை வேளாண் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகே அம்மாயி செய்ததும் ஆய்வுதான் என்பது எனக்கு உறைத்தது.

பாடலில் பெண் உவமை. ஆவணத்தில் அவளுக்கு இடமில்லை. பாடல், பட்டா, விதை மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் நிலத்தைப் பார்த்தவள் தெரிந்தாள். இப்போது குறிஞ்சித் திணை நடத்தும் நாளில், வீட்டுப் பட்டாவில் யார் பெயர் என்று பார்த்துவரும்படி மாணவிகளிடம் சொல்கிறேன்.