சூரியனை அளந்த கருவியும் அதன் நகலும்

1814-இல் பவேரியாவில் ஃபிரவுன்ஹோஃபர் என்ற கண்ணாடி வினைஞர் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பாய்ச்சியது நல்ல லென்ஸ் செய்வதற்காகத்தான். நிறமாலையின் குறுக்கே 500-க்கும் மேற்பட்ட கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அவருக்கு அவை கண்ணாடியைச் சோதிக்கத் தோதான அடையாளங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு என்ற சூட்சுமத்தை 1859 வாக்கில் ஹைடெல்பெர்க்கில் கிர்ஹோஃபும் பன்சனும் அவிழ்த்தார்கள். 1868 ஆகஸ்டில், குண்டூரில் கிரகணம் பார்க்க வந்த வானியலாளர் ஜான்சென், ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி இருந்தால் சூரிய விளிம்பின் சுடர்களைப் பார்க்கக் கிரகணமே தேவையில்லை என்று மறுநாளே காட்டிவிட்டார்.

புற ஊதாக் கதிரின் பெரும்பகுதி தரைக்கு வராது. அதைப் பிடிக்க உதவியது ஹிட்லரின் ஆயுதம். அமெரிக்கர்கள் கைப்பற்றிய வி-2 ராக்கெட்டில், நியூ மெக்சிகோவின் வொயிட் சேண்ட்ஸிலிருந்து 1946 ஜூனில் போன முதல் நிறமாலைமானி தரையில் மோதிச் சுக்குநூறானது. அக்டோபரில் கருவியை வால் துடுப்பில் பொருத்தினார்கள், ஃபிலிம் தப்பியது.

2010-இல் சூரியனை ஆராய நாசாவின் எஸ்டிஓ விண்கலம் கிளம்பியது. அதிலிருந்த ஈவ் என்ற நிறமாலைமானி, மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பவைக்கும் தீவிரப் புற ஊதாவை அளந்தது. 2014 மே மாதம் மின்கோளாறில் அதன் ஒரு பகுதி செத்தது. பக்கத்திலிருந்த கேமராக்களோ 12 விநாடிக்கு ஒருமுறை சூரியனைப் படமெடுத்துக்கொண்டே இருந்தன.

இரண்டும் சேர்ந்து உழைத்த நான்கு ஆண்டுப் பதிவு கையில் இருந்தது. செத்த பகுதி தந்திருக்கும் அளவைப் படங்களிலிருந்தே கணிக்க, நாசாவின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் கூடிய குழு, படத்தைக் கேள்வியாகவும் நிறமாலை அளவை விடையாகவும் கணினியின் நரம்பு வலைப்பின்னலுக்குப் புகட்டியது. 1989-இல் அஞ்சல் உறைகளில் கையால் எழுதிய எண்களைப் படிக்க கணினி அறிஞர் யான் லெகுன் பயன்படுத்திய வலைப்பின்னலின் வாரிசுதான் இதுவும். படத்திலிருந்து ஒரு நேர்கோட்டுக் கணக்கு தோராயமாகச் சொன்ன அளவை இந்த வலைப்பின்னல் திருத்தியது. 2019-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பழுதுபார்த்தல் என்பதைவிட இதைக் கெட்டிக்கார நகல் என்பதே சரி. அந்த நான்கு ஆண்டுகளில் சூரியன் செய்யாத எதையும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லையே!

இன்னொரு சிக்கலும் உண்டு. கேமராக்களின் பார்வையும் ஆண்டுக்காண்டு மங்குகிறது. மங்கலை அளக்க உதவிய உரைகல்களில் ஒன்று, ஈவ் கருவியின் செத்துப்போன அதே பகுதி! எனவே படத்தை மட்டும் பார்த்து மங்கலின் அளவைச் சொல்ல இன்னொரு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். என்றாலும் நாசா அதை மட்டும் நம்பிவிடவில்லை. ஈவ் போன்ற கருவியைச் சிறு ராக்கெட்டில் சில நிமிடம் மேலே அனுப்பியும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவை கிளம்புவதும் வொயிட் சேண்ட்ஸிலிருந்துதான்.