மாமாவின் ஹெரால்டும் நீலத் தார்ப்பாயும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நெல்லிக்குப்பத்தில் எங்க மாமா வீட்டுக் கொல்லையில் இருந்த கார் கொட்டகையின் கூரை அன்றைக்குப் போனதுதான். பொங்கலுக்கு நான் சென்னையிலிருந்து போனபோது மரமெல்லாம் சாய்ந்து கிடந்தது. நடுவில், கிழிந்த நீலத் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

1998ல் மாமா காலமானபின் கட்டிய தார்ப்பாய் அது. பொட்டுத் தூசி உள்ளே போகக்கூடாது என்று நாலு பக்கமும் தரையோடு இழுத்து, ஓரத்தில் கல் வைத்து, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டியது. கட்டினவன் நான்தான். அப்போதுதான் பி.இ. முடித்திருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

தார்ப்பாயை முழுசாக உருவினோம். பானெட்டில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. "பாத்தியா தம்பி, நேத்து வாங்கினாப்ல இருக்கு" என்றார் அத்தை. நான் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். கால் நேராக மண் தரைக்குப் போனது, காரின் தரையைக் கிழித்துக்கொண்டு.

இரண்டு வீடு தள்ளி ஒரு பழைய ஃபியட் ஏறக்குறைய அத்தனை வருஷமும் நின்றிருந்தது. சுவரில்லாத கீற்றுக் கொட்டகை, மேலே கோழி அடையும், தூசி விரல் கனத்துக்கு. கழுவிப் பார்த்தால் பெயிண்ட் போயிருந்தது, ஆனால் அடித்தகடு கெட்டியாக இருந்தது. ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் அது என்னை விடவில்லை. கடலூரிலிருந்து வந்து பார்த்த வயதான மெக்கானிக் ஒரே வரியில் முடித்தார்: "மூச்சு முட்டிச் செத்திருக்கு தம்பி."

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கிற வேகம் சட்டென்று ஏறும். நெல்லிக்குப்பத்திலிருந்து கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், காற்றில் உப்பு இருக்கும். சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானாகவே நீர் இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் மோர்மிளகாய் ஜாடி பக்கத்தில் இருக்கிற உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். தூசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. தூசி தகட்டை நேரடியாகத் தின்பதில்லை, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மார்கழி இரவில் தகடு குளிர்ந்து போகும், விடிந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு அதன் மேல் வியர்க்கும். திறந்த கொட்டகையில் பத்து மணி வெயிலுக்கு அது காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் காயாது. போதாததற்கு மண் தரையிலிருந்து நாள் முழுக்க ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். நான் கட்டியது உறை இல்லை, இட்லிப் பானை.

ஹெரால்டுக்கு இது கூடுதல் ஆபத்து. இத்தாலிக்காரரான மிக்கலோட்டி வடிவமைத்து 1959ல் இங்கிலாந்தில் வந்த கார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது, தொழிற்சாலை வண்டலூரில். நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் வந்தது, மாமாவுடையது அதுதான். தனிச் சட்டத்தின் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். இணைப்பு அதிகம், பொந்துகள் அதிகம், நீர் தங்க இடமும் அதிகம். இங்கிலாந்திலேயே பழைய ஹெரால்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் அடியில் படுத்துத்தான் பார்ப்பார்கள்.

சரி, நமக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. எங்க ஊர் சர்க்கரை ஆலையின் வரலாறு 1842ல் தொடங்குகிறது, பாரி கம்பெனி பெயரோடு சேர்ந்தது. சென்னைச் சாலைகளில் முதன்முதலாக ஓடிய கார்களில் ஒன்று அதே பாரி கம்பெனி இயக்குநர் ஒருவருடையது. 1903ல் சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் சென்னையிலேயே ஒரு நீராவிக் கார் செய்தார். சிம்சன் 1840ல் தொடங்கியது குதிரை வண்டி கட்டுவதற்காக. அதாவது, கார் இங்கே வந்தபோது அதை எப்படி நிறுத்தி வைப்பது என்று தெரிந்தவர்கள் ஏற்கனவே இருந்தார்கள். அவர்கள் கோச்சு வண்டிக்காரர்கள்.

19ஆம் நூற்றாண்டு கோச்சு வண்டிப் பராமரிப்பு ஆலோசனைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வண்டிக் கொட்டகை உலர்ந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். லாயத்தை ஒட்டி வைக்கவே கூடாது, ஏனென்றால் குதிரை மூத்திரத்தின் அம்மோனியா வார்னிஷை வெடிக்க வைக்கும். தூசிக்கு மெல்லிய துணிப் போர்வை. வண்டி மரம், மேலே பூச்சு வார்னிஷ். இரண்டுமே காற்றில்லாமல் கெட்டுவிடும் என்பதால் அவர்களுக்குக் காற்றின் அருமை தெரிந்திருந்தது. பழைய பங்களாக்களில் ஓட்டுக் கூரையும் மரச்சட்டக் கதவுமாக நிற்கிற கார் ஷெட்டுகள் அந்தக் கொட்டகையின் வாரிசுகள்.

1920களில் டூகோ பெயிண்ட் வந்தது. நம்ம ஊர் பெயிண்டர்கள் இன்னமும் "டூகோ அடிக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். பாடியும் மரச்சட்டத்திலிருந்து முழு இரும்புக்கு மாறியது. பூச்சு உறுதியானது, பயம் போனது. பூச்சுக்குக் கீழே இருக்கிற இரும்புக்குக் காற்று இன்னும் அதிகம் தேவை என்பதை யாரும் யோசிக்கவில்லை. மெழுகுக் கித்தான் இருந்தவரை பெரிய நஷ்டமில்லை, பருத்தி என்பதால் கொஞ்சமாவது ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவாக வந்தபிறகுதான் நம்மால் காரை நிஜமாகவே மூடி வைக்க முடிந்தது.

இதற்கு மூத்த உதாரணம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என்று வருஷத்தில் இரண்டு முறை ஓடும் தேர்கள், மீதி நாளெல்லாம் கீழவீதி நிலையில் நிற்கின்றன. 363 நாள் நிற்பதற்காகவே இருக்கிற வண்டி! பல ஊர்களில் தேருக்கு முன்பெல்லாம் கீற்றுதான் வேய்வார்கள். மழையைத் தடுக்கும், காற்றை விடும். ஆனால் தீப்பிடிக்கும், அதனால் தகரத்துக்கு மாறியதைக் குறை சொல்ல முடியாது.

ஹெரால்டைத் தூக்கிப் போடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கயிறு கட்டினவன் நானாச்சே, மனசு கேட்கவில்லை. 2013ல் கடலூரில் புதுத் தரை வைத்து வெல்டிங் செய்தோம். இப்போது சிமெண்ட் தரை, தரைக்கு அடியில் பாலிதீன் விரிப்பு, எதிரெதிராகக் காற்று போக இரண்டு பக்கம் ஜன்னல், மேலே பருத்திப் போர்வை. டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கக் கட்டை மேல் ஏற்றியிருக்கிறோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து நீரை இழுக்கும், அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

வாரத்துக்கு ஒருதரம் ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓட விடும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகாவிட்டால் அதில் ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும். ஓட்டினால் பண்ருட்டி வரைக்கும் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடக்கூடாது.

போன வருஷம் கொட்டகையில் ஈரப்பதம் பார்க்கிற சின்ன சென்சார் ஒன்று மாட்டினேன். பக்கத்தில் ஒரு இரும்புத் தகட்டைப் பழைய நீலத் தார்ப்பாய்த் துண்டில் கட்டி, அதற்குள் இன்னொன்று. பகலில் வெளியே அளவு இறங்குகிறது, தார்ப்பாய்க்குள் மதியம் தாண்டியும் இறங்குவதில்லை. வரைபடத்தைப் போனில் அத்தைக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் சரிடா. தெனம் தூசி தட்றது நான்தானே?"