தசைச் சுருள்புழு நோய்

டிரிக்கினோசிஸ் எனப்படும் தசைச் சுருள்புழு நோய், சரியாக வேகாத பன்றி, காட்டுப்பன்றி இறைச்சியால் மனிதருக்கு வருவது. ட்ரிக்கினெல்லா இனப் புழுக்களின் குடம்பிகள் அந்தத் தசையில் சுருண்டு கிடக்கும். உண்டவரின் சிறுகுடலில் அவை முதிர்ந்து குட்டி ஈன, புதிய குடம்பிகள் இரத்தத்தோடு சென்று அவருடைய தசைகளில் குடியேறும்.

1860இல் டிரெஸ்டனில் தைபொயிட் காய்ச்சல் என்று கருதப்பட்டு இறந்த இளம்பெண்ணின் தசையில் இக்குடம்பிகளை ஜெர்மன் நோயியலாளர் செங்கர் கண்டார்.

நோயை இனங்காண்பதே கடினம். முதல் நாள்களில் வயிற்றோட்டமும் குமட்டலும்தான். ஓரிரு வாரத்தில் காய்ச்சல், தசைநோவு. கண்ணிமைகள் வீங்கும், சோறு மெல்லும்போதே தாடை நோகும். யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் உடம்புநோவும் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வரும். கண் வீங்கினால் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்கள். இரத்தத்தில் இயோசினோபில் அணுக்களும் கிரியேட்டின் கைனேஸ் நொதியும் கூடியிருப்பது நல்ல தடயம். மலப் பரிசோதனை பெரும்பாலும் பயன்படாது. எதிர்ப்பொருள் சோதனை மூன்றாம் வாரத்துக்கு முன் பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். ஐயம் நீடித்தால், தோள் தசையில் சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

பாடசாலையில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சிக் குளிசை இதற்குப் போதாது. அல்பென்டசோல் 400 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, 8 முதல் 14 நாள் தேவை. தசையில் குடம்பிகள் உறையிட்டுக்கொள்ளுமுன் தொடங்கினால்தான் முழுப்பலன். இதயத் தசையோ மூளையோ பாதிக்கப்பட்டால் பிரெட்னிசொலோனும் சேர்ப்பார்கள்; அதைத் தனியே கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு மருந்தை வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும்.

வன்னியிலிருந்து வரும் வேட்டை இறைச்சியை வத்தலாக்குவதும் புகையில் போடுவதும் உப்பிடுவதும் குடம்பிகளை உறுதியாகக் கொல்லா. நடுப்பகுதியிலும் 71 பாகை செல்சியஸ் ஏறும்வரை வேகவைக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது.

கண் வீங்கிக் காய்ச்சலோடு போகிறவர், அண்மை வாரங்களில் பன்றி இறைச்சி சாப்பிட்டிருந்தால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் அதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.